தாயில்பட்டிக்கு வந்த ஐரோப்பா

தோழர்களே, சங்கத் தொழில் என்பது எல்லோரும் உள்ளே போகும்போது வாசலில் நிற்கும் தொழில்.

வெயிலில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டியவர்களுக்கு இது புரியும். நான் துண்டுப் பிரசுரம் படித்தே உலக அரசியல் கற்றவன். இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் வர்த்தக ஒப்பந்தம் பேசியபோது, பட்டாசு ஆலைகள் சூழ்ந்த எங்கள் தாயில்பட்டிக்கு அதை விளக்க என்னை விட்டால் யார்?

வேன் வரும்வரை

ஆலையில் வேலை முடிந்து வேனுக்குக் காத்திருந்த பெண்களிடம் முழங்கினேன். "இருபத்தேழு நாடுகளும் ஒரே அணியாக உட்கார்ந்து பேரம் பேசுகின்றன. அதுதான் ஒற்றுமையின் பலம்!"

பட்டாசுக்குத் திரி வைக்கும் செல்லத்தாய் முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். "அம்புட்டு நாடும் ஒண்ணாச் சேந்துருச்சு. இங்கன நீங்களும் அடுத்த சங்கத்துக்காரகளும் ஒரே மேடையில ஏற மாட்டேங்கீகளே அண்ணாச்சி!"

ஒரே சிவப்பு

பட்டாசு வாங்கலாமா என்று பார்க்க ஐரோப்பாவிலிருந்து ஒரு குழு அந்த ஆலைக்கு வருவதாகத் தகவல். 'தொழிலாளர்களிடமும் பேசுங்கள்.' இதுதான் அவர்களிடம் என் ஒரே கோரிக்கை. அதை நோட்டீஸாக அடிக்கச் சிவகாசிக்குப் போனால், அச்சகத்தில் முதலாளியின் வரவேற்புப் போஸ்டர் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. அச்சகக்காரருக்கோ வாயெல்லாம் பல்.

"நல்ல வேளை, ரெண்டு பேரும் ஒரே சிவப்பைக் கேட்டீக. மை மாத்த மெஷின் கழுவுற வேலை மிச்சம்!"

அறைக்கு நாலு பேர்

குழு வந்த அன்று என்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நோட்டீஸும் என் கையிலேயே நின்றது. உள்ளே அறைக்கு நாலு பேர்தான் வேலை பார்க்க வேண்டும் என்பது சட்டம். சீசனில் எட்டுப் பேர் இருப்பார்கள். அன்று பாதிப் பேருக்கு லீவு கொடுத்து, சட்டத்தைக் கச்சிதமாக உட்கார வைத்திருந்தார் முதலாளி.

விருந்தாளிகள் ஐந்து பேரும் மொழிபெயர்ப்பாளரும் கேட்டை ஒட்டிய முதல் அறைக்குள் நுழையப் பார்த்தார்கள். செல்லத்தாய் கையை நீட்டி மறித்தாள். "நாலு பேருக்கு மேல ஆகாது சார். முதலாளிதான் காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

முதலாளி வேறு வழியின்றித் தலையாட்டினார். விருந்தாளிகளுக்கோ, சட்டத்தை இவ்வளவு மதிக்கிறார்களே என்று ஒரே பூரிப்பு. "அப்படியானால் நீங்கள் வெளியே வாருங்கள், பேசலாம்" என்றார்கள். கேட்டுக்குப் பக்கத்து வேப்பமர நிழலில், என் காதுக்கு எட்டும் தூரத்தில், பேச்சுவார்த்தை நடந்தது. "தினமும் இப்படித்தானா?" என்று வெள்ளைக்கார அம்மா கேட்டார்.

செல்லத்தாய் முதலாளியை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னைக்குத்தாம்மா முழங்கை இடிக்காம வேல பாத்தோம். நீங்க தெனமும் வந்துட்டுப் போங்க!"

வாழ்நாளெல்லாம் வாசலில் நின்று கத்திய எனக்குக் கிடைத்த ஒரே ராஜதந்திர வெற்றி, முதலாளி ஒருநாள் சட்டத்தை மதித்ததால் வந்தது.