சீரியலுக்கு நான் கொடுத்த கதை

சொன்னது நான்தான். மாரிமுத்து அல்ல. நான்!

இதை இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்... உங்களுக்கு என்னைத் தெரியாது என்ற தைரியத்தில்தான். எனக்கு வாய்த்த தைரியம் அவ்வளவுதான்.

என் பெயர் சரோஜா. ஈப்போவில், புந்தோங்கில் இருக்கிறேன். பள்ளிக்கூடக் கேண்டீனில் தட்டுக் கழுவும் வேலை. பதினாறு வருஷமாக என் பக்கத்தில் நின்று கழுவியவள் பத்மா. என்னைவிட நாலு வயது சின்னவள். என் கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான். அவள் புருஷன்தான் மாரிமுத்து, வேன் ஓட்டுகிறவர்.

பத்மாவுக்கு மூத்ததாக ஒரு பெண் குழந்தை இருந்தது. கலா. பீடோர் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் இருந்த காலத்தில், நாலு வயதில், வெள்ளத்தோடு போய்விட்டது. கை நழுவிவிட்டது என்றுதான் ஊருக்கெல்லாம் தெரியும்.

ஒரு வருஷம், பிள்ளை போன அதே தேதியில், தட்டுக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பத்மா மீதியைச் சொன்னாள். அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பால்மரம் வெட்டியது போதும் என்று ஓடி, ஆயாக்கொட்டகையிலிருந்து பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு, லயத்து வீட்டுக்குப் போகக் கட்டைப்பாலத்தில் ஏறியிருக்கிறாள். இடுப்பில் கைக்குழந்தை. கையில் கலா. பாதிப் பாலத்தில் தண்ணீர் வந்துவிட்டது. அது பிள்ளையை இழுக்கிறது... இவள் இறுக்கிப் பிடிக்கிறாள்... "அம்மா, கை வலிக்குது, விடு" என்று அழுதிருக்கிறது.

"விட்டுட்டேன்க்கா," என்றாள். "மாத்திப் பிடிக்கத்தான் விட்டேனா, முடியாமதான் விட்டேனா... இன்னும் எனக்குத் தெரியல. இது அவருக்குத் தெரியும், இப்ப ஒங்களுக்குத் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாது."

சோப்பு நுரையோடு அவள் கையைப் பிடித்து, என் வாயிலிருந்து வராது என்றேன். அன்று அதை மனசாரத்தான் சொன்னேன்... நம்புவீர்களா?

போன வருஷம் டிவி சீரியல்காரர்கள் பீடோர் பக்கத்து எஸ்டேட்டில் சூட்டிங் வைத்தார்கள். மாரிமுத்துவுக்கு ஒரு மாதம் வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. கூட்டத்தில் நிற்க நாலு பொம்பளைகள் வேண்டும் என்றார்கள்; அவர் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். ஒரே ஒரு நாள். இடிந்த லயத்துக்கு முன்னால் தலையில் துண்டு கட்டி என்னை நிற்க வைத்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில், மீ கோரெங் பொட்டலத்தோடு கதை எழுதும் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கண்ணாடி போட்ட சின்னப் பெண். "அக்கா, நீங்க எஸ்டேட்ல இருந்தப்ப மறக்க முடியாதது ஏதாச்சும் நடந்துச்சா? சொல்லுங்களேன்," என்று நோட்டைத் திறந்தது.

என்னிடம் இதுவரை யார் கதை கேட்டார்கள்? தட்டு காய்ந்துவிட்டதா, கரண்டி எங்கே... இதைத்தானே கேட்டார்கள்! அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வாழ்க்கையில் சொல்லும்படி ஒன்றுமில்லை. அதனால் பத்மாவின் வாழ்க்கையை எடுத்துக் கொடுத்தேன்! பாலம், மழை, இடுப்புக் குழந்தை... பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரி சொன்னேன். பிள்ளை அழுத வார்த்தையையும் சொன்னேன். அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. சொன்னால் அசிங்கம், எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

"பேரை மட்டும் போட்டுறாதம்மா," என்றேன். போடவில்லை. பேரைத் தவிர எல்லாவற்றையும் போட்டார்கள்.

என் முகம் டிவியில் வரப்போகிறது என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். பத்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார வைத்ததும் நான்தான். சாயங்காலம் ஆறரை மணி. மைலோ கலக்கிக் கொடுத்தேன். லயத்துக் காட்சியில் நான் வந்தேன். "ஐயோ, அக்கா! ஒங்க மூஞ்சியப் பாருங்க, கோவத்துல நிக்கிறீங்க!" என்று பத்மா கைதட்டிச் சிரித்தாள்.

அடுத்து மழை வந்தது.

கதாநாயகி பாலத்தில் ஏறினாள். அணைத்துவிடலாம் என்று ரிமோட்டைத் தேடினேன்... ஏன் தேடினேன், எழுந்து போய் வயரைப் பிடுங்கியிருக்கக் கூடாதா? "அம்மா, கை வலிக்குது, விடு!" என்றது டிவியில் ஒரு பிள்ளை. கதாநாயகி விட்டாள்.

பத்மா அழவில்லை. குவளையைக் கீழே வைத்தாள். செருப்பை மாட்டினாள். "வாரேன்க்கா," என்றாள்.

அன்று இரவுக்குள் அந்தக் காட்சி எல்லார் போனிலும் வந்துவிட்டது. சிரித்தார்கள்! பிள்ளைக்குப் பதிலாகத் தண்ணீரில் பொம்மையைப் போட்டிருந்தார்களாம். அதன் முடி தனியாகக் கழன்று மிதந்ததாம். "பிள்ளை ஒரு பக்கம் போகுது, சவுரி ஒரு பக்கம் போகுதுலா!" என்று ஒருவன். "பொம்பாக்காரங்க ஓஸ் தெரியுது பாரு," என்று ஒருவன். தீயணைப்புக்காரர்களின் தண்ணீர்க் குழாயைச் சொல்கிறான். அந்தப் பிள்ளையின் அழுகையை வெட்டியெடுத்து, முதலாளி ஓவர்டைம் செய்யச் சொன்னால் என்று ஒரு வீடியோ, பெண்டாட்டி பாசாருக்குக் காய்கறி வாங்கக் கூப்பிட்டால் என்று ஒரு வீடியோ...

சிரித்தவர்களாவது பரவாயில்லை. போனில் எங்கள் கோயில் மாதர் குழு இருக்கிறதே, அவர்கள் சிரிக்கவில்லை, சபித்தார்கள். "பெத்தவ விடுவாளா? கூடவே போயிருக்க மாட்டா?" என்று ஒருத்தி. "பேய்கூட இரங்கும், இவ பொம்பளையே இல்ல," என்று இன்னொருத்தி. பத்மாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று காட்ட வேண்டாமா! பொம்மை முடியைப் பற்றி அந்தக் குழுவில் நானும் ஒரு வரி எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மூஞ்சி மூன்றைப் போட்டேன். பத்மா அதைப் பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி விழுந்தது.

மறுநாள் காலையில் காலில் விழுந்துவிடுவது என்றுதான் போனேன். சத்தியமாக! வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அந்தாளுதான்க்கா! ஒரு மாசம் அவங்களோட ஊத்திக்கிட்டுத் திரிஞ்சாருல்ல? போதையில ஒளறிட்டாரு. என் புள்ளைய வித்துட்டாருக்கா!" என்று என் மேல் சாய்ந்தாள். "நீங்க பாவம், ஒரே ஒரு நாள் போய் நின்னுட்டு வந்தீங்க. எனக்காகத்தான் தெரியாத மாதிரி குரூப்புல சிரிச்சீங்கன்னு எனக்குப் புரியுது."

எனக்கான பொய்யை அவளே நெய்து என் தோளில் போர்த்திவிட்டாள். நான் அதை இழுத்து மூடிக்கொண்டேன்.

மாரிமுத்து இல்லவே இல்லை என்றார். சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றார். தெருமுனை முனீஸ்வரர் கோயிலுக்கு மூன்று பேரும் போனோம். தட்டை நான் பிடித்துக்கொண்டேன். சூடத்தை நான்தான் ஏற்றினேன்!

"என் வாயிலேருந்து போகல. போயிருந்தா என் கை வெளங்காமப் போகட்டும்," என்று எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அறைந்து அணைத்தார். அவர் என்னையே பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"குடிக்க மாட்டேன்னு இதே எடத்துலதான் சூடம் அணைச்சாரு. மூணு நாள்ல குடிச்சாரு," என்றாள் பத்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கக்கா. இவர நம்பலாமா?"

மூன்று வார்த்தை போதும். நான்தான் சொன்னேன் பத்மா... அவ்வளவுதானே!

"எனக்கு என்னம்மா தெரியும்?" என்றேன்.

அன்றே அவள் லகாட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து மாதமாகிறது. கேண்டீன் வேலையையும் விட்டாள். புருஷன் போன் செய்தால் எடுப்பதில்லை. என்னிடம் மட்டும்தான் பேசுகிறாள்.

எனக்கும் அந்தக் கண்ணாடிக்காரப் பெண் மேல் ஆத்திரம் வருகிறது. என்னை நம்ப வைத்து மோசம் செய்துவிட்டதே என்று! ஆனால் இதைச் சொல்ல எனக்கு வாயிருக்கிறதா? நீங்களே சொல்லுங்கள். இதோ, பத்மாவின் கதையை இப்போது உங்களிடமும் சொல்லித்தானே வைத்திருக்கிறேன்!

போன சனிக்கிழமை காலையில் மாரிமுத்து என் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை. ஒரு பையை நீட்டினார்.

"அவளோட சக்கர மாத்திர. கிளினிக்ல வாங்கி வச்சேன். நீங்க கொடுத்துருங்க. நான் வாங்குனேன்னு சொல்லாதீங்க, முழுங்க மாட்டா."

வாங்கிக்கொண்டேன். அவர் போகவில்லை.

"அந்தக் கதை எழுதுற புள்ள ஒங்ககிட்ட உக்காந்து நோட்டுல எழுதுனத நான் வேன்லேருந்து பாத்தேன்க்கா," என்றார்.

"அப்ப... ஏன் அவகிட்ட சொல்லல?"

"சூடம் எரியறப்ப நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல." செருப்பைப் பார்த்தபடியே பேசினார். "என்னைய வெறுத்துட்டு ஒங்ககிட்ட வந்து அழுவுறா. ஒங்களையும் வெறுத்துட்டா யாருகிட்ட போவா? அவளுக்கு ஒரு ஆளு வேணும்லா."

"மாரிமுத்து..." என்று கும்பிடப் போனேன்.

"வேணாம். ஒங்கள மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. மாத்திர தீந்தா போன் போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானமே பஸ் பிடித்து லகாட்டுக்குப் போனேன். வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சொல்லிவிடலாம்... சொன்னால் அவருக்கு அவள் திரும்பக் கிடைப்பாள். எனக்கு அவள் இருக்க மாட்டாள். இவ்வளவுதான் கணக்கு! இது புரியாத முட்டாள் இல்லை நான்.

பத்மா பையை வாங்கிப் பிரித்தாள். மாத்திரையைப் பார்த்தாள். "எனக்காக நீங்க கிளினிக்ல வரிசையில நின்னீங்களாக்கா?" என்று கேட்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "கட்டுன புருஷன் துரோகம் பண்ணிட்டான். நீங்க எங்கேருந்தோ வந்து எனக்கு மாத்திர வாங்கிட்டு வாரீங்க. நீங்கதானேக்கா நின்னீங்க?"

"ஆமா பத்மா," என்றேன்.