முதலில் நீங்க வாசிங்க

வெல்டா ஹார்கிஸ் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். பதினாறு வயதில் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். பத்தொன்பதில், ஒரு சனிக்கிழமை நடனத்தில், மேடையில் கிதார் வாசித்துக்கொண்டிருந்த டெல்மரைப் பார்த்தாள். கூடத்தில் எல்லோரும் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்க, இவள் அவன் சட்டைக் காலரைப் பார்த்தாள். தையல் கோணல். பாவம், இவனுக்குச் சொல்ல ஆள் இல்லை போல என்று நினைத்தாள். அந்த ஒரு நினைப்பு முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் கொண்டுபோய் விட்டது.

நாஷ்வில்லில் பாட்டுப் பதிவு செய்யும் வீடுகள் வரிசையாக இருக்கும் தெருவில் டெல்மர் வாசிக்காத அறையே கிடையாது. அடுத்தவர் பாட்டுக்குப் பின்னால் வாசித்து வாசித்தே தலை நரைத்தது. ஐம்பத்தாறு வயதில் கண்ணில் புரை விழுந்து, ஒரு நாள் காரைத் தபால்பெட்டி மேல் ஏற்றினார். அன்றிலிருந்து வண்டி ஓட்டுவது வெல்டா.

ஸ்டுடியோவுக்குள் மனைவிமார் வரக்கூடாது என்பது எங்கேயும் எழுதாத சட்டம். மனைவி வந்தால் கை தடுமாறும் என்பார்கள். ஆகஸ்ட் வெயிலில் காருக்குள்ளேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தவளை ஒலிப்பதிவாளர் ராய்ஸ்தான் உள்ளே கூப்பிட்டான்.

"உள்ள வந்துருங்க வெல்டாம்மா. நீங்க வெளிய வெந்து செத்தா, நான்தான் போலீசுக்குப் பதில் சொல்லணும்."

வாசிக்கிற அறையைப் பார்த்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ராய்ஸின் அறையில், டேப் அலமாரி ஓரத்தில் ஒரு நாற்காலி. பதினோரு வருடம் அதில் உட்கார்ந்து குரோஷா பின்னினாள். ஒரு தும்மல் கூடப் போட்டதில்லை. சிலர் அவளையும் அலமாரியோடு சேர்ந்த சாமான் என்றே நினைத்திருந்தார்கள். அவளுக்கு அது வசதியாக இருந்தது. சாமான் முன்னால் யாரும் வாயை அடக்குவதில்லை.

எழுபத்தேழாம் வருடம் வசந்தத்தில் இசைத்தட்டுக் கம்பெனிக்கு ஒரு யோசனை வந்தது. கன்ட்ரி கிதாரில் பழம் தின்ற டெல்மரையும், ஜாஸ் கிதாரில் கொட்டை போட்ட வின்ஸ் பெலாண்டியையும் ஒரே தட்டில் உட்கார வைப்பது. பாடகர் கிடையாது. இரண்டு கிதார், ஒரு பேஸ், ஒரு டிரம். நியூயார்க்கிலிருந்து வின்ஸை வரவழைத்து மூன்று நாள் கொடுத்தார்கள். சரியாக வரவில்லை என்றால் டெல்மரின் ஒப்பந்தம் அத்தோடு சரி.

"வரலைன்னா கிதாரைப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டு வீட்டோட இருந்துடறேன்" என்றார் டெல்மர்.

வெல்டா மனதுக்குள் கணக்குப் போட்டாள். வீட்டோடு என்றால் முழு நாளும். மழை வந்து இரண்டு நாள் வீட்டில் இருந்தபோதே, மனுஷன் சமையலறை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கி வைத்திருந்தார். உப்பைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வாரம் ஆனது.

வின்ஸ் வந்தார். கஞ்சி போட்ட சட்டை, மெழுகு தடவிய மீசை, பெட்டிக்குள் ஐந்து ஐந்து பக்கமாக எழுதிய இசைக் குறிப்புகள். டெல்மர் அதை மின்சாரக் கட்டணச் சீட்டு மாதிரி தூரப் பிடித்துப் பார்த்தார். பதிலுக்கு இந்த ஊர் வழக்கப்படி ஒன்று, நாலு, அஞ்சு என்று எண்கள் மட்டும் எழுதின துண்டுச் சீட்டைக் கொடுத்தார்.

"இது யாரோட போன் நம்பர்?" என்றார் வின்ஸ், மிகவும் மரியாதையாக.

"அதுதாங்க பாட்டு" என்றார் டெல்மர், அதைவிட மரியாதையாக.

மரியாதையில்தான் வினையே வந்தது. பதிவு ஓடுகிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. பேஸ்காரர் தொடங்கினார், டிரம்காரர் சேர்ந்துகொண்டார். டெல்மர் பின்னால் நின்று, பாட்டை அடியில் தாங்குகிற கார்ட்ஸ் மட்டும் மெல்ல அடித்தார். வின்ஸும் பின்னால் நின்று மெல்ல கார்ட்ஸ் அடித்தார். ஒரு சுற்று போனது, இரண்டு சுற்று போனது. பாட்டை எடுத்து வாசிக்க ஒருத்தரும் முன்னால் வரவில்லை. இரண்டு பக்கவாத்தியம் ஒன்றுக்கொன்று தலையாட்டிக்கொண்டே மூன்று நிமிடம் ஓடி, அழகாக முடிந்தது.

ராய்ஸ் பொத்தானை அழுத்திப் பேசினான். "பிரமாதம். ட்யூனை யாரு வாசிக்கறதா இருந்தது?"

"அவர்தான்" என்று இருவரும் ஒரே நேரத்தில் கையைக் காட்டினார்கள்.

"விருந்தாளி நீங்க. முதல்ல நீங்க வாசிங்க."

"உங்க ஊரு, உங்க அறை. நீங்க வாசிக்காம நான் எப்படி?"

அமெரிக்காவின் தெற்கத்தி வீடுகளில் வீட்டுக்காரன் முதல் கரண்டியைத் தன் தட்டில் போட்டுக்கொள்ள மாட்டான். விருந்தாளி மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லாமல் கை நீட்டமாட்டான். யாரோ இதை வின்ஸுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று தடவை என்ற கணக்கைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள். அவர் நிறுத்தவே இல்லை. இரண்டாம் நாள் முடிவில் ஒன்பது டேப் நிறைந்திருந்தது. எல்லாம் பக்கவாத்தியம். யாராவது மேலே பாடிக்கொள்ளலாம் என்றான் ராய்ஸ், தலையைக் கையில் பிடித்துக்கொண்டு.

மரியாதை என்பது மேல்பூச்சு என்று வெல்டாவுக்கு மட்டும் தெரியும். டெல்மர் நவம்பரிலிருந்து வெள்ளரிக்காய் ஊறுகாய் தின்பதில்லை. இத்தனை வருடம் ஊறுகாய் இல்லாமல் சாப்பிட்டு எழுந்திராத ஆள், திடீரென்று "இப்பல்லாம் அது எனக்குப் பிடிக்கல" என்றார். ஜாடியைப் பிடித்துத் திறக்க இடது கை வரவில்லை, அதுதான் விஷயம். சுண்டுவிரல் கல்லாகிக் கிடந்தது. கார்ட்ஸ் அடிக்க மூன்று விரல் போதும். முன்னால் வந்து வாசிக்கப் போதாது. அவள் கேட்கவில்லை. கேட்டால் மனுஷன் இன்னொரு பொய் சொல்லவேண்டி வரும்.

வின்ஸ் கதை வேறு. ஒவ்வொரு இடைவேளையிலும் கிதாரோடு கழிப்பறைக்குப் போனார். வயதானவர், அடிக்கடி போகத்தான் செய்வார் என்று விட்டுவிடலாம். கிதார் எதற்கு? தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் போகிற சாக்கில் வெல்டா நின்று கேட்டாள். உள்ளே அவர் டெல்மரின் பழைய ட்யூன் ஒன்றை வாசிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் கீழே தாளம் போட, மற்ற விரல்கள் மேலே பாட வேண்டும். அவருடைய கட்டைவிரல் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நடந்தது. ஒவ்வொரு தடவை தடுக்கும்போதும் இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். அர்த்தம் தெரியாவிட்டாலும் ஜெபம் இல்லை என்று தெரிந்தது.

ஆக, இவருக்கு அவரிடம் பயம், அவருக்கு இவரிடம் பயம். நடுவில் கம்பெனியின் டேப் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மதியம். கம்பெனி ஆள் ஐந்து மணிக்கு வருகிறான் என்று ராய்ஸ் சொல்லிவிட்டான். வெல்டா தகர டப்பாவில் பன்றித்தொடை இறைச்சி வைத்த பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள். டீயில் தொட்டுத் தின்கிற பிஸ்கட் இல்லை. அடுப்பில் உப்பி வந்த, வெண்ணெய் கசியும் இந்த ஊர்ப் பிஸ்கட். டப்பாவில் கடைசியாக ஒன்று மிஞ்சியது.

"நீங்க எடுத்துக்குங்க சார்" என்றார் டெல்மர்.

"ஐயோ, நான் ஏற்கெனவே நாலு. நீங்க எடுங்க."

"அதெப்படி. நீங்கதான்."

"நீங்க எடுக்காம நான் தொட மாட்டேன்."

வெல்டா எழுந்து வந்தாள். அந்தப் பிஸ்கட்டை எடுத்துத் தானே ஒரு கடி கடித்தாள். பதினோரு வருடத்தில் அவள் அந்த நாற்காலியை விட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்ததே அன்றுதான். வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"வின்ஸ் சார், நேத்து கார்ல இவர் உங்களப் பத்தி ஒண்ணு சொன்னார். அந்த ஆளு ட்யூனைத் தேடிக்கிட்டே ஊரெல்லாம் சுத்தறான், எதிர்ல வந்தா பயந்து சந்துக்குள்ள பூந்துடறான்னார்."

டெல்மரின் காது சிவந்தது. "வெல்டா."

"இரு. சார் போன்ல அவர் வீட்டம்மா கிட்ட சொன்னதையும் சொல்லிடறேன். அந்தக் கட்டைவிரலைக் கட்டிப் போட்டா இவரு கோழித்தீவனம் விக்கத்தான் போவணும்னார்."

மீதியை வாயில் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். குரோஷா ஊசியை எடுத்தாள். மூன்று கண்ணி விட்டுப்போனது.

டிரம்காரர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோழித்தீவனமா?" என்றார் டெல்மர்.

"சந்துக்குள்ளயா?" என்றார் வின்ஸ்.

"உக்காருய்யா."

"நீ உக்காரு."

ராய்ஸ் சிவப்பு விளக்கைப் போட்டான்.

டெல்மர் கட்டைவிரலைக் குதிரையாக விரட்டிக்கொண்டு வந்தார். வின்ஸ் அதன் மேல் படிக்கட்டில் முத்துமாலை அறுந்து கொட்டியது மாதிரி கொட்டினார். ஒருவர் வாயை மூட இன்னொருவர் திறந்தார். நடுவில் சுண்டுவிரல் போக வேண்டிய ஓர் இடம் வந்தது. கையில் பின்னிக்கொண்டிருந்ததை வெல்டா மடியில் போட்டுவிட்டாள். விரல் போகவில்லை. டெல்மர் அந்த இடத்தை வெற்றாக விட்டு, மூன்றாவது விரலைக் கீழேயிருந்து வழுக்கி ஏற்றினார். ஒரு மூச்சு தாமதமாக, கேலி செய்கிற மாதிரி வந்து விழுந்தது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் வின்ஸும் ஒரு மூச்சு நிறுத்தினார். அவருக்குத்தான் பத்து விரலும் இருந்ததே.

பாட்டு முடிந்தது.

"சுண்டுவிரல் எங்கய்யா?" என்றார் வின்ஸ்.

"ரிட்டையர் ஆயிடுச்சு."

"எப்போ?"

"கிறிஸ்துமஸ் வாக்குல."

நவம்பர், என்று வெல்டா மனதுக்குள் திருத்திக்கொண்டாள்.

"அப்ப ரெண்டு நாளா என்னை மரியாதை பண்ணினது இதுக்குத்தானா? ஏமாத்துக்காரா."

"நீ மட்டும் என்ன, கக்கூஸ்ல போய் என் பாட்டைக் கொலை பண்ணிட்டிருந்த. செவுரு அட்டை மாதிரி, எல்லாம் கேட்டுது. உன் கட்டைவிரல் நொண்டி."

"நொண்டிதான். கத்துக் குடு."

"இந்த வயசுலயா? ஒண்ணு பண்ணு. நீ மேல போ, கீழ நான் பாத்துக்கறேன். எனக்கு விரல் எட்டாத எடத்துல நீ வந்து நில்லு."

ஐந்து மணிக்குள் நாலு பாட்டு ஆனது. கம்பெனி ஆள் தொப்பியைக் கழற்றாமலே நின்று கேட்டான். கடைசிப் பாட்டில் டெல்மர், "டேய், சந்துலேருந்து வெளிய வா" என்று சொல்வது டேப்பில் பதிந்திருந்தது. அதை வெட்டிவிடு என்றான். பிறகு, இன்னும் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். ராய்ஸ் வெட்டவில்லை. இன்றும் அந்தத் தட்டில் இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டில், காதைக் கூர்மையாக்கினால் கேட்கும்.

தட்டு அப்படியொன்றும் பறந்து விற்கவில்லை. ஆனால் மறு வருடம் இன்னொன்று கேட்டார்கள். உறையின் பின்பக்கம் பேஸ்காரர், டிரம்காரர், மைக் துடைத்தவன் வரை நன்றி சொல்லியிருந்தது. வெல்டா பெயர் இல்லை. அவள் தேடவும் இல்லை. அவளுடைய சமையலறை டப்பாக்கள் பழைய இடத்திலேயே இருந்தன. அதுவே அவளுக்குப் போதும்.

அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் காரில் டெல்மர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமாக இருக்கிறார் என்று அவளும் சாலையையே பார்த்து ஓட்டினாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவர் எழுந்து போய், அலமாரியின் பின்வரிசையிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுத்துவந்தார். அவள் முன்னால் டங்கென்று வைத்தார்.

"தொறக்க முடியல. தொறந்து குடு."

வெல்டா ஜாடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"விருந்தாளியா என்ன நானு? முதல்ல நீங்க தொறங்க சார்."

"தொறடி."

மூடி ஒரே திருகில் வந்தது. டெல்மர் முள்கரண்டியைக் கூடத் தேடாமல், சரியாக இருந்த நாலு விரலால் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். ஐந்து மாதத்துக்கும் சேர்த்துத் தின்றார்.