புலி குத்தியவனுக்குத் தகரக் கொட்டகை

எங்கள் நிலத்தில் ஓர் ஆள் புலியைக் குத்திக்கொண்டே இருந்தான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே குத்துகிறான். புலியும் சாகவில்லை, அவனுக்கும் கை சலிக்கவில்லை. என் இடுப்பளவு உயரமான பலகைக் கல்லில் செதுக்கிய உருவம் அது. தளி போகும் சாலையிலிருந்து இறங்கினால் எங்கள் கேழ்வரகுக் கொல்லை, அதன் நடுவில் இந்தக் கல். ஏர் ஓட்டும்போது சுற்றிக்கொண்டு போவார்கள். மற்றபடி அவனை யாரும் சட்டை செய்ததில்லை. களையெடுக்க வரும் அம்மா சாப்பாட்டுப் பையை அவன் நிழலில் வைப்பாள், அவ்வளவுதான்.

நிலம் அம்மாவுடையது. அவளுடைய அப்பா அவள் பெயருக்கு எழுதிவைத்தது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த என் அப்பாவுக்கு அங்கேயே அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கிவிட வேண்டுமென்று ஆசை. அம்மாவின் தம்பியான என் மாமா நிலத்தரகர். பெங்களூர்ப் பார்ட்டி ஒருவரைப் பிடித்து வந்து, கொல்லையை மனைகளாகப் பிரிப்பதென்று பேசி முடித்திருந்தார். இருவரும் மணிக்கணக்கில் பேச, அம்மா ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள்.

"எங்கப்பா எனக்குன்னு குடுத்ததுடா அது. நான் இருக்கற வரைக்கும் அதுல வெதைக்கணும்."

கையெழுத்துப் போடும் அன்றைக்கு நல்ல பட்டுப்புடவையாக எடுத்துத் தருகிறேன் என்று மாமா சிரித்தார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. புடவை என்ன நிறம் என்று கேட்கவும் ஆசையாக இருந்தது.

அந்த வாரம்தான் ஒரு கல்லூரி ஆசிரியர் மாணவர்களோடு வந்தார். கல்லைக் கழுவி, ஈரத்தாள் ஒட்டி, மை தொட்டு ஒத்திப் படி எடுத்தார்கள். நான் அவர் பின்னாலேயே சுற்றி, இந்த ஆள் யார், புலி எதற்கு வந்தது, எழுதியிருப்பது என்ன என்று நச்சரித்தேன். ஊர் மாடுகளைக் காப்பாற்றப் புலியோடு மோதிச் செத்தவன் என்றார். அரசாங்கம் இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டால், சுற்றி நூறு மீட்டருக்கு யாரும் கட்டடம் கட்ட முடியாது என்றும் சொன்னார். எங்கள் பள்ளி ஓட்டப்பந்தயத் தூரம் அது. செத்துப்போனவனுக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று யோசித்தேன். புலி பாய்வதற்கு வேண்டியிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, வீட்டில் போய்ச் சொன்னேன்.

மாமாவுக்கு வாயில் போட்ட போண்டா இறங்கவில்லை. நூறு மீட்டரில் எங்கள் கொல்லை மொத்தமும் அடங்கிவிடும். கல்லைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்றார் அப்பா.

"படி எடுத்துட்டுப் போயிட்டாங்களே மச்சான். பேத்து எறிஞ்சா கேஸ் ஆயிடும்" என்ற மாமா, கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "சாமி ஆக்கிட்டா? பழைய கல்லுன்னாதான் கவர்மென்ட்டு வரும். சாமின்னா எவன் வருவான்?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை தோன்றும். இங்கே இப்படிப்பட்ட கற்களில் பாதி, வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. மறுநாளே புலி மஞ்சளுக்குள் மறைந்தது. ஆளுக்குக் கழுத்துவரை வேட்டி, மேலே தகரக் கொட்டகை, முன்னால் ஒரு சூலம். செத்தவன் எப்போது சாமி ஆனான் என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு சூடத்தைப் பிடி என்றார் மாமா. சாமியைச் சுற்றி நாலு முழம் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மனையாக்குவது அவர் திட்டம்.

வேடியப்பன் நாலு முழத்தில் அடங்கவில்லை. முதலில் பக்கத்துத் தெருப் பெண்கள் வந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை கிடா வந்தது. பிறகு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கன்னடம் பேசும் குடும்பங்கள் பஸ் ஏறி வந்தன. புது பைக் வாங்கிய கம்பெனிப் பையன்கள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போனார்கள். கேழ்வரகுக்கு நடுவே பாதையே விழுந்துவிட்டது. ஒரு பயிர் மிதிபட்டாலும் சண்டைக்குப் போகிற அம்மா, இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பெங்களூர்ப் பார்ட்டி அட்வான்ஸ் கொடுக்க வந்த நாளில் கொல்லை முழுக்கப் பொங்கல் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் காரிலிருந்து இறங்கவே இல்லை. கோயில் இருக்கும் இடத்தை வாங்கினால் நாளைக்கு வழி கேட்டு ஊரே கோர்ட்டுக்குப் போகும், மனைக்கு அனுமதியும் கிடைக்காது என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். மாமா சூலத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்தவர்கள், எவ்வளவு பக்தி என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என்னைப் பிடித்து நிறுத்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தப் புள்ளதானே காய்ச்சல்ல கண்ணு முழிக்காத கெடந்து, வேடியப்பன் துண்ணூறு வெச்சதும் எந்திரிச்சது?"

யார் சொன்னது என்று கேட்டேன். உன் அம்மாதான் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னாள், எல்லா வீட்டுக்கும் போய்ச் சொன்னாள் என்றாள். அடுத்த வீட்டு வாசலைக்கூட மிதிக்காத அம்மாவா? யாருக்கோ அடுப்பு ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தவளிடம் ஓடினேன். எனக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்று கேட்டேன்.

"வந்துச்சு மே. நீ தூங்கிட்டிருந்த, உனுக்குத் தெரியாது."

அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அம்மா பொய் சொல்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கே தெரியாமல் வந்து எனக்கே தெரியாமல் போன அந்தக் காய்ச்சல் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் யோசனை. வீடு போய்ச் சேரும்வரை கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.