பட்டியலில் இல்லாத நாடு

நான் வேலை பார்க்கும் நாடு என் கைப்பேசியில் இல்லை. காலையில் ஹர்கைசா நகரத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து வெயில் எவ்வளவு என்று பார்த்தால், இடம் 'சோமாலியா' என்று காட்டும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, தப்பு, இது சோமாலிலாந்து என்று தினமும் திருத்துவார். சோமாலியாவிலிருந்து பிரிந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. தனிக் கொடி, தனி நோட்டு, போலீஸ், தேர்தல் எல்லாம் உண்டு. ஆனால் இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகள் இதை நாடென்று ஏற்கவில்லை. எனக்கென்ன வந்தது என்றுதான் இருந்தேன். கூத்தாநல்லூர் பாய் ஒருவர் பிடித்துக் கொடுத்த வேலை; அரிசிக் கிடங்கில் மூட்டையைக் குத்திப் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். நெல்லுக்குள் வளர்ந்தவனுக்கு அது ஒரு வேலையே இல்லை.

போன ஆவணியில் என் தங்கை செல்வியின் கணவர் முருகேசன் இங்கே இறந்துபோனார். அவரை இந்தக் கிடங்குக்கு அழைத்து வந்தவன் நான். சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். உடலை அனுப்ப வழி கிடைக்கவில்லை. நகரத்துக்கு வெளியே முள் மண்டிய பொட்டலில் புதைத்தோம். ஊரில் உடலில்லாமலே கருமாதி முடித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை, அதை நினைத்தால் என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

ஊரில் வயலின் பட்டா முருகேசன் பெயரில் இருந்தது. அதைச் செல்வி பெயருக்கு மாற்றினால்தான் சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட முடியும். அதற்கு வாரிசுச் சான்றிதழ், அதற்கு முன்னால் இறப்புச் சான்றிதழ்.

இங்குள்ள நகராட்சி அலுவலகத்தில் அப்தி என்ற எழுத்தர் எனக்கு நாற்காலி போட்டு, படிவத்தைத் தன் கையாலேயே நிரப்பினார். நாட்டின் பெயர் வரும் இடத்தில் 'சோமாலியா' என்று எழுதச் சொன்னேன். அதோடு விட்டேனா? எங்கள் ஊரும் முன்பு தஞ்சாவூர் மாவட்டம்தான், பிறகு திருவாரூர் மாவட்டமாகப் பிரித்தார்கள், எங்கள் ஆட்கள் இன்னும் விலாசத்தில் தஞ்சாவூர் என்றே எழுதுகிறார்கள், தபால் வந்து சேர்கிறது, யாரும் கோபித்துக்கொள்வதில்லை என்று விளக்கினேன். பெரிய சமாதானம் சொன்னதாக எனக்கு நினைப்பு. அப்தி பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்கள் மாவட்டத்தைப் பிரிப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டின் மேல் குண்டு போட்டார்களா?" என்று கேட்டார். "என் அண்ணன் சோமாலியா போட்ட குண்டில் செத்தார். அவருக்குச் சான்றிதழ்கூடக் கிடையாது."

பிறகு 'சோமாலிலாந்து' என்று பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு முத்திரை குத்தி, இரு கையாலும் நீட்டினார். உங்கள் நாடு இதை ஏற்றுக்கொண்டதா என்று மட்டும் வந்து சொல்லுங்கள் என்றார்.

மார்கழியில் விடுப்பில் ஊருக்குப் போனேன். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, இ-சேவை மையத்துப் பெண் கணினியில் நாடுகளின் பட்டியலை மேலும் கீழுமாக இரண்டு முறை தேடினாள்.

"சோமாலியாதான் சார் இருக்கு. அதையே போட்டுடவா?"

எனக்கு அப்தியின் பேனா நினைவுக்கு வந்தது. செல்வி மடியில் கோப்போடு என்னைப் பார்த்தாள்.

"போடச் சொல்லுங்கண்ணே. கதிர் சாஞ்சிரும்."

போடுங்க என்றேன். காகிதத்தில் ஒரு பெயர், கணினியில் ஒரு பெயர் இருக்கக் கூடாதாம். இரண்டும் ஒரே நாடுதான் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாசில்தார் இரக்கப்பட்டு வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்தார். தை கடைசியில் நெல் செல்வி பெயரிலேயே இறங்கியது. அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள். நான் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த மறுநாள் காலை, அப்தி தேநீர்க் கடைக்கே தேடி வந்துவிட்டார். ஏற்றுக்கொண்டார்களா என்று கேட்டார்.

"ஏற்றுக்கொண்டார்கள்" என்றேன்.

அவர் எழுந்து நின்று கடை முழுவதற்கும் ஏதோ சொன்னார். இந்தியா, சோமாலிலாந்து என்ற இரண்டு சொற்கள் மட்டும் எனக்குப் புரிந்தன. எல்லோரும் எழுந்து வந்தார்கள். ஒட்டகப்பால் தேநீர் ஒன்று என் முன்னால் வந்தது. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியின் நகல் என் சட்டைப் பையில் மடங்கிக் கிடந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கை நீட்டியவர்களுக்கெல்லாம் கை கொடுத்தேன்.