நட்சத்திரம் மாறிப்போன அர்ச்சனை

பிள்ளையார் அடியவர்களே, சென்ற குளிர்காலத்தில் ஒரு காலை, என் கணவரின் தமையன் மகன் கவின் ஓட்டிய சிறிய சரக்கு விமானம் கிளம்பும்போதே விழுந்துவிட்டது. இறக்கையில் பனி உறைந்திருந்ததாம். சற்று எழும்பி, தரையில் மோதி, வேலியை உடைத்துக்கொண்டு வயலுக்குள் போய்விட்டது. பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எல்லோரையும்விட நான்தான் அதிகம் பயந்தேன். காரணம் இருக்கிறது. அவன்மேல் எனக்கு அவ்வளவு பொறாமை. கவின் வானில் பறக்கிறான். என் மகன் நிரோஷ் லா சப்பல் தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி ஏற்றும் வான் ஓட்டுகிறான். கவினின் தாய் மலர் அக்கா லெ பிளாங்-மெனில் புறநகரிலிருந்து தொலைபேசி எடுத்தால் "என்ர பைலட்" என்றுதான் தொடங்குவார். எனக்கு வயிறு எரியும்.

அதற்கு முதல் வெள்ளி, நிரோஷுக்கு நல்ல வேலை கிடைக்கவேண்டுமென்று பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையத்திலிருந்து வழி முழுக்க அக்காவின் பெருமைதான் காதில். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்க, வாய் தடுமாறி, "கவின், அச்சுவினி" என்று சொல்லிவிட்டேன். திருத்துவதற்குள் தேங்காயும் உடைந்துவிட்டது. என் அர்ச்சனையும் அவனுக்கா என்று பிள்ளையாரோடு கோபித்துக்கொண்டு வந்தேன்.

இப்போது இந்தச் செய்தி. என் பொறாமையின் நாவூறுதான் பட்டுவிட்டதோ என்று பதறினேன். எப்போதும் எனக்குப் பிரெஞ்சில் பதில் சொல்லும் நிரோஷ் அன்று தமிழில் சொன்னான்.

"அம்மா, அண்ணைக்காகக் கும்பிடுங்கோ."

விளக்கேற்றி அழுதேன். "அந்த அர்ச்சனையை எனக்குத் திருப்பித் தரவேண்டாம் அப்பனே, அவனுக்கே இருக்கட்டும்" என்று கேட்டேன்.

மத்தியானம் தகவல் வந்தது. தோள் எலும்பு முறிந்ததோடு கவின் தப்பிவிட்டான்.

இப்போது மலர் அக்கா, தான் பிடித்த விரதம்தான் மகனைக் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்கிறார். கடைத் தேங்காயை வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். தேங்காய் என்னுடையது, பேர் அவருக்கு! எரியத்தான் செய்கிறது. ஆனால் கவின் வந்து "சித்தி" என்று நின்றால் அடங்கிவிடுகிறது. நான் கேட்டு வாங்கிய பிள்ளையல்லவா.

இப்போது வெள்ளிதோறும் இருவருக்கும் அர்ச்சனை செய்கிறேன். நிரோஷின் பெயர்தான் முதலில், அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். நீங்களும் பிள்ளையாரை நம்பிக் கேளுங்கள். மனதில் எரிச்சல் இருந்தாலும் அதோடேயே போங்கள். என் வாய் பிழைத்தது, ஒரு பிள்ளை பிழைத்தான்.