கனகராஜ் போட்ட கையெழுத்து

"அம்மணி, நம்ம கனகராஜ் போயிட்டாருங்க. மூணு நாள் காய்ச்சல்தானுங்க" என்று பெருமாநல்லூரிலிருந்து பழைய ஆபரேட்டர் ஒருவர் போனில் சொன்னபோது நான் சாயப்பட்டறையில் நின்றிருந்தேன். என்னைவிட நான்கே வயது மூத்தவர்.

அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும், அவர் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று. சாயமேற்றும் மெஷினின் மூடியைத் திறக்கும் ஸ்பேனரைத் தன் பேன்ட் பையிலேயே வைத்திருப்பார். ஆவியை வெளியேற்றும் வால்வைத் திறந்துவிட்டோம் என்று அவரிடம் போய்ச் சொன்னால்தான் அதைத் தருவார். "பயமா இருக்குதுங்களா? இருக்கோணும்ங்க" என்பார். கல்லூரிக் கடைசி வருஷத்தில் அவர் மேற்பார்வையில் ஆறு வாரப் பயிற்சிக்கு வந்த நாங்கள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பாவி, நான்தான் அதிகம் சிரித்தேன்.

நான்காம் வாரம் ஒருநாள் துணி இறக்க அவசரம். பிரஷர் மீட்டரில் முள் சைபரில் நின்றது. உள்ளே ஆவி இல்லை என்பதற்கு அது போதாதா என்று நினைத்தேன்.

"வால்வு தொறந்தீங்களா அம்மணி?"

"தொறந்துட்டேனுங்க சார்" என்று புளுகிவிட்டு ஸ்பேனரை வாங்கி வந்தேன். மூடியில் வைத்துத் திருகப் போகும்போது பின்னாலிருந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏனுங்க, சத்தமே கேக்கலீங்களே!"

வால்வை அவரே திறந்தார். அம்மாடி, வந்ததே ஒரு சீறல்! கொதிக்கும் ஆவி கூரைவரை போனது. மீட்டர் முள் சிக்கிக்கொண்டிருந்திருக்கிறது. மூடியைத் திறந்திருந்தால் இன்று எனக்கு இந்த முகம் இல்லை. அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பற்கள் தந்தியடித்தன.

அன்று மாலை என் பயிற்சி நோட்டை நீட்டினேன். பொய் சொன்னதை எழுதிவிடுவாரோ, படிப்பே போய்விடுமோ என்று பயந்தேன். 'இன்று பயந்தார்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது பயிற்சி மாணவர்களின் நோட்டில் கையெழுத்துப் போடுவது நான். அன்று போனை வைத்தபோது ஒரு மாணவி எதிரில் நின்றாள். "வால்வு தொறந்துட்டேனுங்க மேடம், ஸ்பேனர் குடுங்க" என்றாள். ஆவி போன சத்தம் கேட்டதா என்று எனக்கு நினைவில்லை. அவர் சாவுச் செய்தி காதை அடைத்திருந்தது. ஸ்பேனரைக் கொடுக்காமல் அவளோடு நடந்தேன். வால்வு திறந்துதான் இருந்தது. ஆனாலும் அதைத் தொட்ட என் கை நடுங்கியது.

கனகராஜிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நடுக்கம். அதுவும் ஒருநாள் என் கையை விட்டுப் போய்விடுமோ என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது.