ஆறு வீட்டுப் புகைக்கு ஒரு பேன்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில் வரிசையாக இருக்கும் ஆறு வீடுகளுக்கும் ஒரே கூரை. வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் அது மேலே தகரத்தைத் தொடாது. பரண் மட்டத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திறந்தே கிடக்கும். யார் வீட்டில் கருவாடு பொரித்தாலும் எல்லோருக்கும் தெரியும். அடுப்புப் புகையும் அப்படித்தான் உலாவும்.

அம்மா கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் மூச்சு இழுப்பு அதிகமானது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, புகை பக்கமே போகக் கூடாது என்றார். அதனால் நாங்கள் காஸ் அடுப்புக்கு மாறினோம். மற்ற ஐந்து வீடுகளிலும் விறகுதான். காஸ் வைத்திருந்த ஒன்றிரண்டு பேரும் விலை ஏறியபோது விறகுக்கே திரும்பியிருந்தார்கள். எங்களுடையது கோடி வீடு. காற்று அடிக்கிற பக்கம் பார்த்தால் ஐந்து வீட்டுப் புகையும் கடைசியில் எங்கள் பரணில் வந்துதான் தேங்கும்.

நான் ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். இரண்டு கடை தள்ளி இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய், தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்து வந்தார்.

"இது கூரைக்குள்ள வைக்கிற பேன் தம்பி. கொழும்புப் பக்கம் சூட்டை வெளிய தள்ள வாங்குவாங்க. இந்தக் குளிர்ல யாரும் கேட்டதில்ல, சும்மா கெடக்கு. புகையையும் இழுக்கும்."

"கரண்ட் நெறைய போகுமா நானா?"

"பழைய காலத்து குண்டு பல்பு ஒண்ணு எரியிற மாதிரிதான். ஆனா நாள் முழுக்க எரிய விட்டா அதுவும் செலவுதானே."

தோட்டத்தை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கோடிச் சுவரின் உச்சியில் ஓட்டை போட்டுப் பேனைப் பொருத்தினோம். சுவிட்சைப் போட்டதும் தகரத்தின் அடியில் படுத்துக் கிடந்த புகை மெதுவாக அசைந்து, ஒரே திசையில் நகர்ந்து வெளியே போனது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்குத் தலையணையை உயர்த்தி வைக்காமல் படுத்துத் தூங்கினார்.

காலையில் கண் விழித்ததும் போடுவோம், படுக்கப் போகும்போதுதான் அணைப்போம். நடு வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் கண் எரிச்சல் போய்விட்டது என்று சொன்னார்கள். பக்கத்து வீட்டுச் சித்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தி என்று கூப்பிடுவேனே தவிர உறவு கிடையாது. பைப்படியில் யார் குடம் முதலில் என்று தொடங்கிய சண்டையில் அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சு நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. இத்தனைக்கும் இரண்டு வீட்டு அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர்.

அடுத்த லைட் பில் வந்ததும் என் மனைவி அதை இரண்டு தடவை பார்த்தாள். முந்தைய மாதத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. மீட்டர் பார்க்க வந்தவரிடம் சிங்களத்தில் கேட்டேன். அவர் பொறுமையாகவே விளக்கினார். யூனிட் ஒரு அளவுக்குள் இருந்தால் ஒரு விலையாம். அந்த அளவைத் தாண்டிவிட்டால் கூடின யூனிட்டுக்கு மட்டுமில்லை, முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலையாம். நாங்கள் தாண்டியிருந்தோம்.

"பேன்தாங்க," என்றாள் மனைவி. "அஞ்சு வீட்டுப் புகைய நம்ம கரண்ட்டுல வெளிய தள்ளிக்கிட்டு இருக்கோம்."

"போய்க் காசு கேக்கச் சொல்றியா?"

"கேட்டா குடுப்பாங்களா? அவங்களுக்கும் சம்பளம் நமக்கு வர்ற மாதிரிதான வருது."

அம்மாதான் முடிவு சொன்னார். "நிப்பாட்டுப்பா. நான் பொகையிலயே பொறந்து வளந்தவ."

நிறுத்தினோம். அது மழைக்காலம். நனைந்த விறகின் புகை கனமாக இருக்கும், மேலே போகாமல் தாழவே சுற்றும். நான்கைந்து நாளில் அம்மாவின் இருமல் திரும்பி வந்தது. இருமலுக்கு நடுவே மூச்சு வாங்கும் சத்தம் வேறு. நான் கடைக்குப் போனாலும் அது காதிலேயே இருந்தது. பில்லை எப்படியாவது கட்டிக்கொள்ளலாம், மறுபடி போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் நான் சுவிட்ச் பக்கம் போனாலே அம்மா கையைக் காட்டித் தடுத்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டுச் சித்தி எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மாவைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"ஏன் தம்பி, பேன் கெட்டுப்போச்சா?"

"இல்ல சித்தி. பில் கூட வருது."

"ஒங்கம்மா இருமுறது செவுத்துக்கு இந்தப் பக்கம் கேக்குது. நான் அடுப்பு பத்த வைக்கிறப்பல்லாம் கேக்குது. எனக்குச் சோறு எறங்குமா?"

சித்தி உள்ளே வந்து, கூரையை ஒருமுறை பார்த்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன். நம்ம ஆறு வீடும் ஆளுக்கொரு நேரத்துல ஒல வைக்கிறோம். அதான் பேன் நாள் பூரா ஓடணும்னு இருக்கு. எல்லாரும் ஒரே நேரத்துல பத்த வச்சு ஒரே நேரத்துல அணைச்சா? காலைல வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறதுக்கு முன்ன ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம். அந்த நேரம் மட்டும் போடுங்க."

"எல்லாரும் ஒத்துக்குவாங்களா?" என்றாள் என் மனைவி.

"நான் பேசுறேன்."

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார். "உக்காரு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

சித்தி உட்கார்ந்தார். இரண்டு பேரும் பைப்படிச் சண்டையைப் பற்றிப் பேசவே இல்லை. சித்தியின் மகளுக்குக் கந்தப்பளையில் குழந்தை பிறக்கப் போகிறது என்பதை அன்றைக்குத்தான் அம்மா தெரிந்துகொண்டார். பக்கத்து வீட்டுச் செய்தி!

சித்தி சொன்னபடி செய்தார். மறுநாள் விடியும் முன் சுவருக்கு மேலே அவர் குரல் கேட்டது. "பத்த வைக்கலாம்!" வரிசையாக வீடுகளில் தீக்குச்சி உரசும் சத்தம். அம்மா எழுந்து சுவிட்சைப் போட்டார். புகை எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து வெளியேறியது. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மா, "அணைச்சாச்சா?" என்று கத்துவார். "அணைச்சாச்சுக்கா!" என்று பதில் வரும். நாலாம் வீட்டில் மட்டும் மத்தியானத்தில் தண்ணீர் கொதிக்க வைப்பார்கள். அந்தப் புகை வரத்தான் செய்யும். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நிற்பார்.

பில் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்தது. பேனுக்கென்று கூடுவது சொற்பம்தான், அதை நாங்களே கட்டுகிறோம். இழுப்பு முழுதாகப் போகவில்லை. மாத்திரையும் வாயில் வைத்து இழுக்கும் பம்பும் தொடர்கின்றன. ஆனால் படுத்துத் தூங்குகிறார்.

போன மாதம் சித்தி மகளின் பிரசவத்துக்காகக் கந்தப்பளைக்குப் போய்விட்டார். குரல் கொடுக்க ஆளில்லாமல் ஒவ்வொரு வீடும் இஷ்டத்துக்கு அடுப்பைப் பற்ற வைத்தது. பேனும் கூடுதல் நேரம் ஓடியது. மூன்றாம் நாள் அம்மா பொறுக்க முடியாமல் தானே பரணைப் பார்த்து, "பத்த வைக்கலாம்!" என்று கத்தினார். இழுப்புக்காரரின் குரல், இரண்டாம் வீட்டைத் தாண்டவில்லை. என் மனைவி ஓடிப்போய் நடு வீடுகளில் சொல்லிவிட்டு வந்தாள்.

சித்தி திரும்பி வந்த அன்று பஸ் வரும் நேரத்துக்கு அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார். பையை வாங்கிக்கொண்டு, "என்ன புள்ள?" என்று கேட்டார்.

"பொட்டப் புள்ள. புள்ளயப் பாக்க ஒன்னயத்தான் மொதல்ல கூட்டிட்டு வரச் சொன்னா மவ."

இரண்டு பேரும் மேட்டில் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்கள்.